மாடித்தோட்டக் குரூப் திடீர்னு அமைதியாயிடுச்சா? அட்மினுங்க முதல்ல பாக்க வேண்டியது

மாடித்தோட்டக் குரூப் நடத்தற நிறைய பேர் என்கிட்ட கேக்கற ஒரே கேள்வி, "போன மாசம் வரைக்கும் ஒரு நாளைக்கு இருநூறு மெசேஜ் வந்துச்சு, இப்ப யாருமே பேசறதில்ல, என்ன பண்றது"ங்கறதுதான். நானும் 2018 ஆடி மாசம் 22 பேரோட ஒரு வாட்ஸப் குரூப் ஆரம்பிச்சு இன்னிக்கு வரைக்கும் ஓட்டிட்டு இருக்கேன், நடுவுல ரெண்டு தடவ அது செத்தே போச்சுன்னு நெனச்சேன், ரெண்டு தடவயும் திரும்ப வந்துச்சு. அதுல கத்துக்கிட்டத எழுதறேன். பேஸ்புக், டெலிகிராம்ல நடத்தறவங்களுக்கும் முக்காவாசி பொருந்தும், தோட்டம் இல்லாம மீன் தொட்டி, சைக்கிள், பறவை பாக்கறதுன்னு வேற ஹாபி குரூப் வெச்சிருக்கறவங்க காலண்டர மட்டும் மாத்திக்கிட்டா போதும்.

முதல்ல பதறாதீங்க. பதறி அட்மின் பண்ற வேலைங்கதான் குரூப்ப அதிகமா கெடுக்குது, தினமும் காலைல பூ படம் போடறது, வினாடி வினா வெக்கறது, "எல்லாரும் ஆக்டிவா இருங்க, இல்லன்னா ரிமூவ் பண்ணிடுவேன்"னு மெரட்டறது எல்லாம். நான் மூணையும் பண்ணிருக்கேன். மூணாவத பண்ணப்ப, பேசாம இருந்தாலும் எல்லாத்தையும் படிச்சிட்டு இருந்த 11 பேர் அன்னிக்கு ராத்திரியே வெளிய போயிட்டாங்க, அவங்கள்ல ஒரு அம்மா எங்க குரூப்ப பாத்துதான் வீட்டு மாடி முழுக்க கீரை போட்டிருந்தாங்கன்னு எனக்கு ரொம்ப நாள் கழிச்சுதான் தெரிஞ்சது, இன்னும் மனசுல உறுத்துது.

அதனால மொத வேலை, எண்ணிப் பாருங்க. ஆண்ட்ராய்டு ஃபோன்னா வாட்ஸப்ல குரூப்புக்குள்ள போய் மேல இருக்கற மூணு புள்ளிய அமுக்கி, 'More'ங்கறதுக்குள்ள எக்ஸ்போர்ட் சாட் குடுத்து, மீடியா இல்லாம எடுங்க, முழுக்க எழுத்தா ஒரு ஃபைல் வரும். அத மாசவாரியா பிரிச்சு ஒரு நோட்ல நாலு விஷயம் எழுதுங்க: மொத்தம் எத்தன மெசேஜ், எத்தன வேற வேற ஆளுங்க பேசிருக்காங்க, எத்தன கேள்வி வந்துச்சு, அதுல எத்தன கேள்விக்கு அடுத்த நாளுக்குள்ள யாராவது பதில் சொல்லிருக்காங்க. ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் உக்காந்தா முடிஞ்சிடும். மெசேஜ் எண்ணிக்கைய மட்டும் பாத்தா ஏமாந்துடுவீங்க, ஏன்னா நாலு பேர் ஃபார்வர்டா போட்டுத் தள்ளினா எண்ணிக்கை ஏறும் ஆனா குரூப் உள்ளுக்குள்ள காஞ்சிட்டு இருக்கும். எத்தன வேற வேற ஆளுங்க பேசறாங்க, எத்தன கேள்விக்கு பதில் வருது, இந்த ரெண்டுதான் நாடி.

இப்ப அந்த நோட்ல இங்கிலீஷ் மாசத்துக்குப் பக்கத்துல தமிழ் மாசத்தையும் எழுதுங்க. பாதி புதிர் அங்கயே தீந்துடும். ஆனி கடைசில விதை எங்க கிடைக்கும், மண்கலவை எப்படின்னு பேச்சு ஆரம்பிக்கும், ஆடிப்பட்டம் தேடி விதைங்கறது பழமொழியா மட்டும் இல்ல குரூப்போட கிராஃபாவும் இருக்கும், ஆடி ஆவணி ரெண்டு மாசமும் உச்சம், வெண்டை 45 நாள்ல காய்க்க ஆரம்பிக்கறப்ப ஃபோட்டோவா கொட்டும். ஐப்பசி கார்த்திகைல மழை, அப்ப குரோ பேக்ல, அதான் செடி வெக்கற பைல, தண்ணி தேங்குது, வேர் அழுகுதுன்னு ஒரு பதட்டமான பேச்சு இருக்கும், அப்பறம் தைப்பட்டத்துல ஒரு சின்ன ஏத்தம், மாசி பங்குனில மாவுப்பூச்சி புலம்பல். சித்திரை வைகாசி, அதுவும் அக்னி நட்சத்திரம் நடக்கற நாளுங்கள்ல, பச்சை வலை கட்டி இருக்கற செடிய காப்பாத்தறதே பெரும்பாடு, பள்ளிக்கூட லீவுக்கு ஊருக்குப் போயிடுவாங்க, மாடில கால் வெக்க முடியாது, என்னத்த பேசுவாங்க? அந்த அமைதி நோய் இல்ல. மண்ணு ஆறப்போடற மாதிரி அதுவும் வேணும். உங்க நோட்ல ரெண்டு மூணு வருஷமும் அதே மாசத்துல இறக்கம் இருந்தா ஒண்ணும் பண்ணாதீங்க, அந்த நேரத்துல பழைய பதில்கள தொகுத்து வெக்கற வேலைய பாருங்க.

ஆடில கூட அமைதியா இருந்தா, அப்பதான் கவலப்படணும்.

அதுக்கு காரணம் தேடறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு தெரிஞ்சிருக்கணும். ஜேக்கப் நீல்சன்னு ஒருத்தர், வெப்சைட்டுங்கள ஜனங்க எப்படி பயன்படுத்தறாங்கன்னு ஆராயறவர், 2006ல எழுதினது: ஆன்லைன் கூட்டங்கள்ல ஏறக்குறைய நூத்துக்கு 90 பேர் சும்மா பாத்துட்டு மட்டும் இருப்பாங்க, 9 பேர் அப்பப்ப பேசுவாங்க, பெரும்பாலான பேச்ச 1 ஆள்தான் தூக்கிட்டுப் போவார். அச்சு அசலா அதே எண் எல்லா எடத்துலயும் வராது, ஆனா போக்கு அதான். 256 பேர் குரூப்னா ரெண்டு மூணு பேர் தோள்ல நிக்குதுன்னு அர்த்தம். அதுல ஒருத்தருக்கு பொண்ணு கல்யாணம், இன்னொருத்தர் வீடு மாறிட்டார்னா மொத்த குரூப்பும் படுத்துடும், 250 பேருக்கும் ஏன்னு புரியாது. ஆக உங்க குரூப்ல அந்த ரெண்டு மூணு பேர் யாருன்னு பேர எழுதி வெச்சுக்கங்க. அவங்க எப்ப பதில் சொல்றத நிறுத்தினாங்கன்னு எக்ஸ்போர்ட் ஃபைல்ல தேடுங்க.

எங்க குரூப்ல அது ஒரு ரிட்டயர்ட் டீச்சர் அம்மா. பூச்சி விஷயத்துல அவங்கள அடிச்சுக்க ஆள் இல்ல. எந்த நேரத்துல கேட்டாலும் பொறுமையா வாய்ஸ் மெசேஜ்ல சொல்வாங்க, "சாமி, மொதல்ல எறும்பு ஏறுதான்னு பாருங்க, எறும்புதான் மாவுப்பூச்சிய தூக்கிட்டு வரும், தண்ணிய வேகமா பீச்சி அடிச்சு கழுவி விடுங்க, அப்பறம் ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரையறதுக்கு கொஞ்சம் காதி சோப்பு கரைசல், சாயங்காலம் வெயில் எறங்கினப்பறம் இலைக்கு அடிப்பக்கமா அடிங்க"ன்னு. 2022ல ஆடிக்கு நடுவுல அவங்க சத்தமே இல்லாம போச்சு. ஒடம்பு சரியில்லையோன்னு ஃபோன் பண்ணேன். நல்லாதான் இருந்தாங்க. ரொம்ப தயங்கித் தயங்கி சொன்னாங்க, "ஒரே கேள்விய திருப்பித் திருப்பி கேக்கறாங்க தம்பி, அதுகூட பரவால்ல, நாப்பது வருஷம் கிளாஸ் எடுத்தவதான நான், எனக்கு அது பழக்கம். ஆனா நான் சொன்னத செஞ்சு பாத்தாங்களா, செடி பொழச்சுதா செத்துதான்னு ஒருத்தராவது திரும்பி வந்து சொல்றாங்களா? கிணத்துல கல்ல போட்ட மாதிரி இருக்கு."

அந்த ஒரு ஃபோன் காலுக்கு அப்பறம்தான் எனக்கு குரூப்புங்கறதே வேற மாதிரி தெரிய ஆரம்பிச்சது. அதுவரைக்கும் கேள்வி வரணும், பதில் வரணும்னு நெனச்சிட்டு இருந்தேன். உண்மைல ஒரு ஹாபி குரூப் உயிரோட இருக்கறது மூணாவதா வர்ற மெசேஜ்ல, அதாவது கேட்டவங்க திரும்பி வந்து "நீங்க சொன்னத செஞ்சேன், இப்படி ஆச்சு"ன்னு சொல்றதுல. அது இல்லன்னா குரூப் ஒரு கஸ்டமர் கேர் ஆயிடுது, சம்பளம் வாங்காத ஆளுங்க உக்காந்து ஃபோன் எடுத்துட்டே இருக்கற கஸ்டமர் கேர். எத்தன நாளைக்கு எடுப்பாங்க? நான் திரும்ப எக்ஸ்போர்ட் ஃபைல திறந்து பாத்தேன், நல்லா இருந்த மாசங்கள்ல எல்லாம் அந்த மூணாவது மெசேஜ் இருந்துச்சு, சரிஞ்ச மாசங்கள்ல கேள்வி இருந்துச்சு, பதிலும் கூட கொஞ்சம் இருந்துச்சு, மூணாவது சுத்தமா இல்ல.

தோட்டத்துல இது இன்னும் கஷ்டம், ஏன்னா விளைவு உடனே தெரியாது. வேப்பெண்ணெய் அடிச்சு ஒரு வாரமாவது ஆகணும், கடலை புண்ணாக்கு ஊற வெச்சு ஊத்தினா புது துளிர் வர பத்து பதினஞ்சு நாள் ஆகும், அதுக்குள்ள கேட்டவங்களுக்கு கேட்டதே மறந்துடும். அந்த இடைவெளிய அட்மின்தான் கட்டணும். நான் செய்யறது இதுதான்: ஒரு சின்ன நோட்டு, தேதி, யார் கேட்டாங்க, என்ன செடி, என்ன பதில், அவ்ளோதான். பன்னண்டாவது நாள் குரூப்லயே அவங்க பேர டேக் பண்ணி, பழைய கேள்விக்கே ரிப்ளை குடுத்து, "அக்கா, கத்தரி இலை சுருட்டிக்கிட்டு இருக்குன்னு சொன்னீங்களே, இப்ப எப்படி இருக்கு, ஒரு ஃபோட்டோ போடுங்க"ன்னு கேப்பேன். தனியா கேக்காதீங்க, குரூப்ல கேளுங்க, பதில் சொன்னவங்க கண்ணுல படணும். செடி செத்துப் போச்சுன்னு சொன்னாலும் நல்லதுதான், சொல்லப்போனா அதுக்குதான் பேச்சு இன்னும் நல்லா ஓடும், ஏன் செத்துச்சுன்னு பத்து பேர் யோசிப்பாங்க. ஒரு வாரத்துக்கு அஞ்சாறு பேர இப்படி கேட்டா போதும். ரெண்டு மாசத்துல ஆளுங்க கேக்காமயே வந்து சொல்ல ஆரம்பிச்சாங்க, டீச்சர் அம்மாவும் திரும்ப வந்துட்டாங்க.

அடுத்தது கேள்வி கேக்கற விதம். "பிரண்ட்ஸ், என் வெண்டை செடி மஞ்சளாகுது, என்ன பண்ணலாம்?"னு ஒரு கேள்வி, கூட தூரத்துல இருந்து எடுத்த மங்கலான ஒரு ஃபோட்டோ. இதுக்கு எவ்ளோ தெரிஞ்சவங்களும் ஒண்ணும் சொல்ல முடியாது. இலைல நரம்பு மட்டும் மஞ்சளா வலை பின்னின மாதிரி ஓடி நடுவுல பச்சையா இருந்தா அது மஞ்சள் நரம்பு நோய், வைரஸ், வெள்ளை ஈ பரப்பறது, மருந்து கிடையாது, அந்த செடிய புடுங்கிப் போட்டாதான் பக்கத்து செடி பொழைக்கும். அதே, நரம்பு பச்சையா இருந்து நடுவுல மஞ்சளா இருந்தா, அதுவும் இளம் இலைல இருந்தா, இரும்புச் சத்து பத்தலன்னு யோசிக்கலாம், அந்த செடிய காப்பாத்தலாம். ரெண்டும் மங்கலான ஃபோட்டோல ஒரே மாதிரிதான் தெரியும். ஒருத்தர் புடுங்குங்கறார், இன்னொருத்தர் உரம் போடுங்கறார், சண்டை வருது, ரெண்டு பேரும் ஒரு வாரம் பேசறதில்ல. அதனால குரூப்ல ஒரு மெசேஜ் பின் பண்ணி வெச்சிருக்கேன், இலைக்கு மேல ஒரு ஃபோட்டோ, அடில ஒரு ஃபோட்டோ, முழு செடி ஒரு ஃபோட்டோ, விதை போட்டு எத்தன நாள் ஆச்சு, பேக் என்ன சைஸ், ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் வெயில் படுது, கடைசியா என்ன ஊத்தினீங்க. இது இல்லாம கேட்டா திட்டாதீங்க, "இலைக்கு அடில ஒரு ஃபோட்டோ போடுங்கண்ணா, பாத்து சொல்றோம்"னு கேட்டாலே போதும், அப்படி கேக்கற வேலைய புதுசா வந்து ரெண்டு மாசம் ஆனவங்களுக்கே குடுங்க, அவங்களுக்கும் ஒரு பொறுப்பு வந்த மாதிரி இருக்கும்.

யாராவது முதல் தடவ கேட்டு அதுக்கு யாருமே பதில் சொல்லலன்னா அவங்க ரெண்டாவது தடவ கேக்கவே மாட்டாங்க, இத நான் திரும்பத் திரும்ப பாத்துட்டேன். பதில் தெரியலன்னாலும் "எனக்கு தெரியல, தெரிஞ்சவங்க சாயங்காலம் வருவாங்க, பாப்போம்"னு ஒரு வரியாவது அன்னிக்கே போடுங்க.

இப்ப கூட்டம் ஏறறத பத்தி. எல்லாரும் இறக்கத்துக்குதான் பயப்படறாங்க, எனக்கு ஏத்தத்த பாத்தாதான் பயம். 2020 மார்ச் கடைசில லாக்டவுன் வந்துச்சு, காய் வாங்கக் கூட வெளிய போக யோசிச்சாங்க, எல்லாருக்கும் மாடி ஞாபகம் வந்துச்சு, தினமும் பத்து பேர் சேந்தாங்க. அப்ப வாட்ஸப் குரூப்ல 256 பேர்தான் சேர முடியும், நெறஞ்சதும் ரெண்டாவது குரூப் திறந்தேன், பெரிய தப்பு. விஷயம் தெரிஞ்சவங்க எல்லாம் மொத குரூப்ல, ரெண்டாவதுல முழுக்க புதுசு, கேள்வி மட்டும் இருக்கு பதில் சொல்ல நாதி இல்ல, ரெண்டே மாசத்துல அது குட்மார்னிங் படக் குரூப் ஆயிடுச்சு. இப்ப 1024 பேர் வரைக்கும் சேக்கலாம், ஆனா சேக்க முடியும்ங்கறதுக்காக சேக்காதீங்க.

இது நமக்கு மட்டும் நடந்ததும் இல்ல. 1980ல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள்ல யூஸ்நெட்னு ஒண்ணு ஓட ஆரம்பிச்சது, இன்னிக்கு இருக்கற எல்லா குரூப்புக்கும் அது பாட்டன் மாதிரி. ஒவ்வொரு செப்டம்பரும் காலேஜ்ல புதுசா சேர்ற பசங்களுக்கு அதுல எழுத அனுமதி கிடைக்கும், ஒரு மாசம் கலாட்டாவா இருக்கும், அப்பறம் பழைய ஆளுங்கள பாத்து பழக்க வழக்கத்த கத்துக்குவாங்க, அடங்கிடும். 1993, 94 வாக்குல இன்டர்நெட் கம்பெனிங்க தங்களோட கஸ்டமருங்க எல்லாருக்கும் அத திறந்து விட்டாங்க, கத்துக்குடுக்க நேரமே இல்லாம ஆளுங்க வந்துட்டே இருந்தாங்க, முடியாத செப்டம்பர்னே அதுக்கு பேர் வெச்சாங்க. ஆளுங்க அதிகம்ங்கறது பிரச்சன இல்ல, பழைய ஆளுங்க பழக்கி விடறத விட வேகமா வந்ததுதான் பிரச்சன. நம்ம அளவுல இதுக்கு ஒரு வழி இருக்கு: லிங்க்க பொதுவுல போடாம மாசத்துக்கு ஒரு தடவ, இருபது பேருக்கு மேல போகாம சேருங்க. சேந்தவங்கள அன்னிக்கே பேசச் சொல்லுங்க, பேர், ஊர், மாடி எந்தப் பக்கம் பாத்து இருக்கு, இப்ப என்ன செடி இருக்கு, இல்லன்னா என்ன வெக்க ஆசை. அதே ஊர்க்காரங்க ஒருத்தர் அதுக்கு பதில் சொல்லிட்டா அந்த ஆள் தங்கிடுவார்.

புதுசா வந்தவங்க பேசாததுக்கு இன்னொரு காரணம், கூச்சம். ஒருத்தர் அஞ்சு கிலோ தக்காளிய முறத்துல கொட்டி ஃபோட்டோ போட்டா அதுக்கு நாப்பது கைதட்டல் வரும், பாக்க சந்தோஷம்தான், ஆனா மூணு செடி வெச்சு ரெண்டு காஞ்சு போனவங்க அதுக்கு கீழ என்ன எழுதுவாங்க. இதுக்கு எனக்கு தெரிஞ்சு நல்ல மருந்து, சேந்து விதைக்கறது. ஆடி பொறந்ததும் எல்லாரும் ஒரே நாள்ல ஒரே செடி, நாங்க வெண்டைதான் போடுவோம், லேசா வரும், 45 நாள்ல பலன் தெரியும். மூணாவது நாள் யாருக்கு மொளச்சது, பத்தாவது நாள் எத்தன இலை, முப்பத்தஞ்சு நாப்பதுல யாருக்கு மொத பூன்னு எல்லாரும் ஒரே எடத்துல நிப்பாங்க, பத்து வருஷமா தோட்டம் வெச்சிருக்கறவருக்கும் நேத்து வந்தவருக்கும் அன்னிக்கு ஒரே உயரத்துல செடி. விதைய நானே கவர்ல போட்டு தபால்ல அனுப்பறேன், ஒரு ஆளுக்கு பத்து விதை. அந்த கவர் வீட்டுக்கு வந்து சேந்த நாள்ல இருந்து அவங்க பேசற விதமே மாறிடும், கைல ஒரு பொருள் வந்தா உறவு வந்துடும் போல. காய் முத்த விட்டு விதை எடுத்து திருப்பி அனுப்பறவங்களும் இருக்காங்க, அடுத்த ஆடிக்கு அந்த விதைதான் போகும்.

ஃபார்வர்ட், அரசியல், வியாபாரம் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல, மொத நாள்லயே அழிங்க, தனியா மரியாதையா சொல்லுங்க. ஒண்ணு மட்டும், அதுக்கு பயந்து "அட்மின் மட்டும் பேசலாம்"னு செட்டிங்க மாத்தி வெச்சிடாதீங்க, ரெண்டு நாள்னு நெனச்சு பண்ணுவீங்க, ஆளுங்களுக்கு வாய் திறக்கற பழக்கமே போயிடும். செடி, மண்புழு உரம் விக்கறவங்களுக்கு வாரத்துல ஒரு நாள் குடுத்துடுங்க, எங்களுக்கு புதன்.

நல்லா கத்துக்கிட்டவங்க அமைதியாகறதும் இறக்கத்துக்கு ஒரு காரணம்தான், அதுக்கு வருத்தப்பட வேண்டியதில்ல. அவங்களுக்கு கேக்க ஒண்ணுமில்ல, அவங்க மாடி நல்லா இருக்கு. ஆனா வருஷத்துக்கு ஒரு தடவ அவங்கள தேடிப் போய் கேளுங்க, "அண்ணா, பந்தல் போடறத பத்தி ஒரு சாயங்காலம் மட்டும் பேசறீங்களா, ஒரு மணி நேரம்"னு. எப்பவும் இருன்னு சொன்னா மாட்டாங்க, ஒரு நாள் வான்னா வந்துடுவாங்க.

கடைசியா, சேத்து வெக்கறது. ஆர்குட்னு பேஸ்புக் மாதிரி ஒண்ணு இருந்துச்சு, அத 2014 செப்டம்பர்ல மூடினாங்க, யாஹூ குரூப்ஸ் 2020 டிசம்பர்ல, எத்தனையோ பேர் வருஷக்கணக்கா எழுதினது அதோட போச்சு. வாட்ஸப்லயும் பேக்கப் எடுக்காம ஃபோன் மாறினா, ஸ்டோரேஜ் நெறஞ்சு அழிச்சா போச்சு. அதனால கோடைல சும்மா இருக்கறப்ப நல்ல பதில்கள எடுத்து ஒரு கூகிள் டாக்ல செடிவாரியா போட்டு வைங்க, பதில் சொன்னவங்ககிட்ட கேட்டு அவங்க பேரோட. டீச்சர் அம்மாவோட வாய்ஸ் மெசேஜ நான் கேட்டு கேட்டு எழுத்தாக்கினேன், மாவுப்பூச்சிக்கு மட்டும் நாலு பக்கம் வந்துச்சு. இப்ப யாராவது மாவுப்பூச்சின்னு கேட்டா புதுசா வந்தவங்களே அந்த லிங்க்க போட்டுட்டு, "இதுல மூணாவது பக்கம் பாருங்க, எறும்புக்கு என்ன பண்ணணும்னு இருக்கு, அடிச்சிட்டு பன்னண்டு நாள் கழிச்சு வந்து சொல்லுங்க"ங்கறாங்க.